பிள்ளையார் கோயிலை போர்ட்டல் ஆக்கியவர்கள் எதற்காக ஆக்கினார்கள்?

2014 கடைசியில் ஒரு சாயங்காலம், எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் முன்னால் நின்று, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே டீக்கடை. கடைக்காரர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “என்ன தம்பி, ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?” இல்லண்ணே, கேம் ஆடுறேன் என்றேன். அவர் நம்பவில்லை. அளக்க வந்தவன் பொய் சொல்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டார், அடுத்த ஒரு வாரம் தெருவில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கில் பெரிய தப்பில்லை. நான் அன்றைக்குச் செய்தது சர்வே வேலைதான். சம்பளம் மட்டும் இல்லை.

சம்பளமில்லாத இந்த வேலைக்கு ஜனங்கள் ஏன் வருகிறார்கள் என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. விளையாட்டு என்ற பெயரில் தகவல் திரட்டும் மொபைல் செயலிகள் எத்தனையோ இருக்கின்றன. இடம், சாலை, போக்குவரத்து, பறவை, மூளை என்று ஒவ்வொன்றும் ஒன்றைச் சேர்க்கிறது. ஆடுகிறவர்களுக்குப் பைசா வராது. பிறகு எதற்காக வருடக்கணக்கில் ஆடுகிறார்கள்? நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் இந்த மாதிரி நாலைந்து செயலிகளில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறேன், இதைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் ஓரளவு படித்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

இன்க்ரெஸ்ஸிலிருந்து ஆரம்பிப்பது எனக்கு வசதி. கூகுளுக்குள் நயான்டிக் லேப்ஸ் என்று ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் ஜான் ஹான்கி, கூகுள் எர்த்துக்கு அடித்தளமான கீஹோல் கம்பெனியை நடத்தியவர். வரைபடக்காரர், அதை மறக்க வேண்டாம். அந்தக் குழு 2012 நவம்பரில் விட்டதுதான் இன்க்ரெஸ். ஊரில் இருக்கும் சிலை, கோயில், சுவரோவியம், நீரூற்று மாதிரியான நிஜ இடங்கள் விளையாட்டில் ‘போர்ட்டல்’. நீலம், பச்சை என்று இரண்டு கட்சி. நீங்கள் நேரில் நடந்து போய் ஒரு போர்ட்டலைப் பிடிக்க வேண்டும், மூன்று போர்ட்டல்களைக் கோடு போட்டு இணைத்தால் உள்ளே இருக்கும் பரப்பு உங்கள் கட்சிக்கு. அவ்வளவுதான் விதி. விஷயம் என்னவென்றால், அந்தப் போர்ட்டல்களில் மிகப் பெரும்பகுதியைக் கம்பெனி வைக்கவில்லை, ஆடியவர்கள் வைத்தார்கள். படம் எடுத்து, பெயர் போட்டு, இரண்டு வரி விவரம் எழுதி அனுப்புவோம். மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒருநாள் ‘ஏற்கப்பட்டது’ என்று மெயில் வரும். தமிழ்நாட்டில் எங்கே இன்க்ரெஸ்ஸைத் திறந்தாலும் பிள்ளையார், மாரியம்மன், காந்தி, அம்பேத்கர், எம்ஜிஆர் என்று வரிசையாக நிற்பது அப்படி வந்ததுதான்.

நான் எதற்காக அனுப்பினேன்? பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் போர்ட்டல் இல்லை, பக்கத்துத் தெருவில் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு லுங்கியோடு நடக்கச் சோம்பல். கோயில் போர்ட்டல் ஆகிவிட்டால் மொட்டை மாடியிலிருந்தே பிடிக்கலாம். இந்த வகை ஆசை எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் உண்டு, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு ‘வீட்டு போர்ட்டல்’ வேண்டும். சுயநலம்தான். ஆனால் அந்தச் சுயநலத்தின் பக்கவிளைவாக, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தெருக்கோடிக் கோயில் அட்சரேகை தீர்க்கரேகையோடு பதிவாகிவிட்டது. இந்த வகை விளையாட்டுகளின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. ஆடுகிறவன் தன் ஆட்டத்துக்காகச் செய்வதும் கம்பெனிக்கு வேண்டிய தகவலும் ஒரே செய்கையாக இருக்க வேண்டும். இரண்டும் பிரிந்தால் அங்கே கள்ளாட்டம் நுழைந்துவிடும். சிலர் வீட்டு வாசலில் இல்லாத சிலையை இருப்பதாகக் காட்டிப் படம் அனுப்பினார்கள் என்பதும் உண்மைதான்.

இந்த சூட்சுமத்தை முதலில் பளிச்சென்று காட்டியவர் லூயிஸ் வான் ஆன். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 2003-ல் ஈ.எஸ்.பி. கேம் என்று ஒன்றை இணையத்தில் விட்டார். (பின்னாளில் டுவோலிங்கோவைத் தொடங்கியவரும் இவர்தான்.) அது மொபைல் இல்லை, கம்ப்யூட்டர் காலம், ஆனால் மற்றதெல்லாம் இதன் வாரிசுகள் என்பதால் சொல்லியே ஆக வேண்டும். முகம் தெரியாத இரண்டு பேருக்கு ஒரே படத்தைக் காட்டும். ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. படத்தைப் பார்த்துத் தோன்றும் சொற்களைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இருவரும் ஒரே சொல்லைத் தட்டிவிட்டால் பாயிண்ட், அடுத்த படம். இருவர் மனதிலும் ஒரே சொல் தோன்றியது என்றால் அது அந்தப் படத்துக்குப் பொருத்தமான சொல்லாகத்தான் இருக்கும், இல்லையா? நாலே மாதத்தில் 13 ஆயிரத்துச் சொச்சம் பேர் 12 லட்சத்துக்கு மேல் சொற்களைப் படங்களுக்கு ஒட்டிவிட்டார்கள். சிலர் 50 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருந்தார்கள். படங்களுக்குப் பெயர் சூட்டி உலகத்துக்கு உதவ வேண்டும் என்று வந்தவர்கள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ இருக்கும் ஒரு ஆள் நான் நினைத்ததையே நினைத்தான் என்ற அந்தச் சின்னச் சிலிர்ப்பு, அதற்காக வந்தவர்கள்.

கூகுள் அதற்கு உரிமம் வாங்கி 2006-ல் இமேஜ் லேபிளர் என்று விட்டது, 2011-ல் மூடியது. அதில் தெரிந்த கோளாறு முக்கியமானது. சீக்கிரம் பொருந்த வேண்டும் என்றால் என்ன தட்டுவீர்கள்? ‘ஆள்’, ‘நீலம்’, ‘மரம்’. இது வேப்ப மரம் என்று தெரிந்தாலும் ‘மரம்’ என்றுதான் தட்டுவீர்கள், எதிராளிக்கு வேம்பு தெரியுமோ என்னவோ. பிறகு குறிப்பான சொல்லுக்கு அதிகப் பாயிண்ட் என்று விதியை மாற்றினார்கள். ஆக, பாயிண்ட் ஆளை வேலை செய்ய வைக்கும், சரி, ஆனால் எந்த வேலைக்குப் பாயிண்டோ அந்த வேலையை மட்டும் செய்ய வைக்கும். இன்க்ரெஸ்ஸிலும் இதே கதைதான். போர்ட்டல் சேர்ப்பதற்கு ‘சீர்’ என்று ஒரு பதக்கம் இருந்தது, 5,000 போர்ட்டல் ஏற்கப்பட்டால் உச்சப் பதக்கம். விளைவு, தபால் பெட்டி, பார்க் பெஞ்ச், பெயர்ப்பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அனுப்பினார்கள், கம்பெனியால் பரிசீலித்து மாளவில்லை. 2015-ல் பதக்கத்தையும் நிறுத்தி, புதிய போர்ட்டல் அனுப்புவதையும் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் பரிசீலனையையும் ஆடுகிறவர்கள் தலையிலேயே கட்டியது தனிக் கதை. வேஃபேரர் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. மற்றவர்கள் அனுப்பியதை நாம் பார்த்து, இது நிஜ இடமா, பொது இடமா, தனியார் வீடா என்று ஓட்டுப் போட வேண்டும். நம் ஓட்டு மற்றவர்களோடு 100 தடவை ஒத்துப்போனால், நாம் அனுப்பியது ஒன்று வரிசையில் முன்னுக்கு வரும். இதற்குக் கூட்டம் கூட்டமாக ஆள் வந்தது எனக்கே ஆச்சரியம். நானும் ஒரு மழைக்காலம் முழுக்க ராத்திரிகளில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டிருக்கிறேன், ஏதோ பரீட்சை பேப்பர் திருத்துவது மாதிரி.

பரிசுக்கும் ஆசைக்கும் உள்ள உறவைப் பற்றி 1973-ல் வந்த ஒரு பழைய சோதனை உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் செய்தது. ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவது என்றால் தாமாகவே ஓடி வரும் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தன. திடீர்ப் பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கூகுள் மேப்ஸுக்கு வரும்போது தேவைப்படும்.

கூகுள் மேப்ஸில் இடங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கான லோக்கல் கைட்ஸ் திட்டத்தில் ரிவ்யூவுக்கு 10 பாயிண்ட், படத்துக்கு 5, புது இடம் சேர்த்தால் 15, லட்சம் பாயிண்ட் தாண்டினால் பத்தாவது லெவல். 2015-ல் நாலாவது லெவலை எட்டியவர்களுக்கு கூகுள் ட்ரைவில் 1 டெராபைட் சேமிப்பு இடம் இலவசமாகத் தந்தார்கள். அப்போது வந்து குவிந்த ‘குட்’, ‘நைஸ்’, ‘சூப்பர்’ ரிவ்யூக்களை இன்றும் பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரே மெஸ்ஸில் இலை, சாம்பார் வாளி, கல்லா, கை கழுவும் இடம், பெயர்ப்பலகை என்று தனித்தனியாகப் பதினோரு படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். பரிமாறுகிறவர் “சாப்பாடு ஆறுது சார்” என்றார். ட்ரைவ் இடம் வந்தது. அதோடு எனக்கும் ஆர்வம் போய்விட்டது, அப்புறம் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்ப வந்தது வேறு காரணத்தால். மலைக்குப் போகும் வழியில் ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில், தூணில் பெயிண்ட்டால் எழுதியிருந்த பஸ் நேரப் பட்டியலை எப்போதோ படம் எடுத்துப் போட்டிருந்தேன். சாய்ந்த படம், ஓரத்தில் யாருடைய முழங்கையோ தெரியும். அந்தப் படத்தை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று திடீரென்று ஒருநாள் மெயில். நல்ல படம் என்று நான் நினைத்த எதையும் நூறு பேர் தாண்டவில்லை, இதை மட்டும் அத்தனை பேர். (அந்த மழலையர் பள்ளிச் சான்றிதழ் மாதிரி, எதிர்பாராமல் வந்தது.) அடுத்த முறை அதே பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்த காலேஜ் பையனிடம், “மேல போற கடைசி வண்டி எத்தனை மணிக்குப்பா?” என்று கேட்டார். அவன் போனில் தேடி, ஒரு படத்தைப் பெரிதாக்கி, “ஒன்பது பத்துக்கு இருக்கு தாத்தா” என்றான். எட்டிப் பார்த்தேன். அந்த முழங்கை.

எனக்கு வந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் நீடித்தது. ஒன்பது பத்து வண்டியை நிறுத்தி நாளாகிவிட்டது என்று பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா சொன்னார். தூணில் இருந்த நேரத்தையும் யாரோ சுண்ணாம்பு வைத்து அழித்திருந்தார்கள், என் படத்தில் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் எட்டேகால் வண்டியில் ஏறிப் போனார், நல்லவேளை. நான் அங்கேயே நின்று புதிய பட்டியலைப் படம் எடுத்துப் போட்டு, பழையதை நீக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்கு எத்தனை பாயிண்ட் வந்தது என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தூணை ஒரு பார்வை பார்க்கிறேன், ஏதோ என் வீட்டுக் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. கேள்விக்கு என் பதில் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஆளைக் கூட்டி வருவது பாயிண்ட், போட்டி, சோம்பல், கூட்டாளி, ஏதோ ஒன்று. வருடக்கணக்கில் இருக்க வைப்பது, நாம் வைத்ததை எவரோ எடுத்துப் புழங்குகிறார்கள் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது.

கூட்டாளி என்றேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இன்க்ரெஸ்ஸில் என்னைச் சேர்த்தது ஆபீஸ் நண்பர். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். பச்சைக் கட்சி. தினமும் காலை ஐந்தேகாலுக்கு என் போர்ட்டல்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போவார், போன் அதிரும், வரிசையைப் பார்த்தால் ஆள் எந்தத் தெருவில் நடக்கிறார் என்று தெரியும். ஒருநாள் கோபத்தில் எழுந்து போய்ப் பார்த்தால், சர்க்கரை வியாதிக்காக வாக்கிங் போகும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். “டாக்டர் நட நடன்னார் தம்பி, சும்மா நடக்க போரடிக்குது” என்றார். அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்தோம், அடுத்த நாள் மறுபடி உடைத்தார். அவர் சேர்த்த போர்ட்டல்கள் எல்லாம் பழைய கிணறு, சுமைதாங்கிக் கல், வெள்ளைக்காரன் காலத்து மைல்கல் என்று இருக்கும். அவரைப் பொறுத்தவரை இது நடைக்கு ஒரு சாக்கு, ஊர் வரலாற்றைப் பதிந்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம். ஒரே செயலி, ஒரே பாயிண்ட், ஆளுக்கொரு காரணம். சர்வே எடுத்து ‘உங்களை ஈர்ப்பது எது’ என்று ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தால் இவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்?

அப்படி எடுத்த சர்வேக்களும் இருக்கின்றன. கேலக்ஸி ஜூ என்று 2007-ல் தொடங்கிய திட்டத்தில், விண்மீன் மண்டலப் படங்களைப் பார்த்து இது சுருளா, முட்டை வடிவமா என்று பொதுமக்கள் பிரித்துக் கொடுத்தார்கள். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு பதில் சொன்ன சுமார் 11 ஆயிரம் பேரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் முதல் காரணமாகச் சொன்னது, அறிவியல் ஆராய்ச்சிக்குப் பங்களிக்க வேண்டும் என்பது. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு ஏன் போனீர்கள் என்றால் வாழ்த்தத்தான் என்போம், பந்தியைப் பற்றி யாரும் முதலில் சொல்ல மாட்டோம்.

இதற்கு நேரெதிர் அனுபவம் இ-பேர்டுக்கு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கியது. பார்த்த பறவைகளைப் பதியுங்கள், அறிவியலுக்கு உதவுங்கள் என்று கூப்பிட்டார்கள், ஆரம்ப வருடங்களில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பிறகு பறவை பார்க்கிறவனுக்கே உதவும் மாதிரி மாற்றினார்கள்: உன் வாழ்நாள் பட்டியல், உன் மாவட்டப் பட்டியல், இந்த வருடம் நீ எத்தனை, அடுத்தவன் எத்தனை. கூட்டம் வந்தது. பறவை பார்ப்பவர்கள் ஏற்கெனவே நோட்டில் பட்டியல் எழுதும் ஜாதி, அந்த நோட்டை வாங்கிக்கொண்டு அதைவிட நல்ல நோட்டைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இ-பேர்டில்தான் பதிவாகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ண வேண்டும். போன முறை எங்கள் கண்மாய்க் கரையில் என் அக்கா மகள் நாமக்கோழியை எண்ணிக்கொண்டிருந்தாள், 43-ல் ஒரு எருமை இறங்கி எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. அழாத குறை. “தோராயமா அம்பதுன்னு போடு” என்றேன். முறைத்துப் பார்த்துவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். அவளுக்கு அங்கே பாயிண்ட்டும் கிடையாது, பதக்கமும் கிடையாது.

பட்டம் பதவி எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைப்பதும் தப்பு. ஓல்டு வெதர் என்று 2010-ல் ஒரு திட்டம். முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் கையெழுத்துப் பதிவேடுகளிலிருந்து வானிலைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து தர வேண்டும். ஒரு கப்பலில் சேர்ந்தால் முதலில் பயிற்சி மாலுமி, அப்புறம் லெஃப்டினன்ட், யார் அதிகப் பக்கம் முடிக்கிறாரோ அவர்தான் அந்தக் கப்பலின் கேப்டன். இன்னொருவர் முந்தினால் பதவி பறிபோகும். ஆராய்ச்சியாளர்கள் பின்னால் விசாரித்தபோது, சிலர் கேப்டன் பதவிக்காக மெய்யாகவே மல்லுக்கட்டியிருந்தார்கள். வேறு சிலர் எப்படியும் எட்ட முடியாது என்று சோர்ந்தார்கள், இன்னும் சிலருக்குப் பதவியைக் காப்பாற்றும் அழுத்தமே வெறுப்பைத் தந்தது. நின்றவர்களில் பலரைப் பிடித்து வைத்தது பதிவேட்டில் இருந்த கதைகள்: இன்றைக்கு இத்தனை பேருக்குக் காய்ச்சல், இன்றைக்கு ஒருவர் கடலில் விழுந்தார். அடுத்த பக்கத்தில் என்ன ஆயிற்று என்று பார்க்காமல் தூங்கப் போக முடியவில்லை என்கிற ரகம்.

பாயிண்ட்டைக் கையாளத் தெரிந்தவர்கள் என்று நான் மதிப்பது ஆரம்பகால வேஸ் ஆட்களை. இஸ்ரேலில் பிறந்த வழிகாட்டிச் செயலி, 2013-ல் கூகுள் வாங்கியது. எந்தச் சாலையில் அவர்களுக்குத் தகவல் குறைவோ, அந்தச் சாலையின் மேல் மிட்டாய், கேக் படங்களைத் தூவி வைப்பார்கள். வண்டியை அந்த வழியாக விட்டால் உங்களுக்குப் பாயிண்ட், அவர்களுக்கு அந்தச் சாலையின் வேகமும் வளைவும். வரைபடத்தில் ஏறாத சாலையில் போனால் உங்கள் வண்டி புள்ளிகளை விழுங்கிக்கொண்டே போகும். கட்டாயமில்லை, வேலை என்ற வாடையே இல்லை, ஆனால் எறும்பைச் சர்க்கரை போட்டு இழுப்பது மாதிரி ஆளை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

பாயிண்ட்டே கிட்டத்தட்ட இல்லாமல் என்னை அடிமையாக்கியது ஸ்ட்ரீட்கம்ப்ளீட். பொதுமக்களே சேர்ந்து போடும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துக்கான ஆண்ட்ராய்டு செயலி, ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியது. திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் குண்டூசிகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. இந்தத் தெருவின் தரை தாரா, கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா? இந்தக் கட்டடம் எத்தனை மாடி? பஸ் நிறுத்தத்தில் உட்கார பெஞ்ச் இருக்கிறதா? பதில் சொன்னால் குண்டூசி மறையும், ஒரு நட்சத்திரம் கூடும், அந்த நட்சத்திரத்தை வைத்து எதுவும் வாங்க முடியாது. அந்த மறைவதுதான் சுகம். அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவார்களே, கண்ணில் ஒன்று பட்டுவிட்டால் அதை எடுக்காமல் கை நிற்காது, அதே புத்தி. இன்னொன்றும் நடந்தது, நான் எதிர்பார்க்காதது. ‘சக்கர நாற்காலி உள்ளே போக முடியுமா’ என்ற கேள்விக்கு, எங்கள் பஜார் தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் இருபத்தாறு இடங்களுக்கு ‘முடியாது’ என்று போட்டேன். அத்தனை வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவன், ஒரு படியைக்கூடப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு கடைக்காரர் மரப்பலகையில் சாய்தளம் செய்து போட்டபோது, ஓடிப் போய் பதிலை மாற்றினேன்.

நல்ல காரியம் என்ற எண்ணம் எங்கே உதவுகிறது என்றால், சீ ஹீரோ குவெஸ்ட் மாதிரி குறுகிய விளையாட்டுகளில். 2016-ல் டாய்ச்ச டெலிகாம் பணத்தில், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து செய்தது. வரைபடத்தை மனதில் வாங்கிக்கொண்டு படகு ஓட்ட வேண்டும். மறதி நோயில் முதலில் அடிபடும் திறன்களில் வழி கண்டுபிடிப்பதும் ஒன்று, சாதாரண மனிதர்கள் எப்படி வழி காண்கிறார்கள் என்ற அளவுகோல் கிடைக்க வேண்டுமே, அதற்காக. 40 லட்சம் பேரைத் தாண்டி ஆடினார்கள். அந்தத் தகவலை வைத்து 2022-ல் வந்த ஆய்வு, 38 நாடுகளைச் சேர்ந்த சுமார் 4 லட்சம் பேரை எடுத்துப் பார்த்து, கட்டம் போட்ட மாதிரி நேர்த்தெருக்கள் உள்ள நகரங்களில் வளர்ந்தவர்களைவிட, கிராமங்களிலும் வளைந்து நெளிந்த தெருக்களுள்ள ஊர்களிலும் வளர்ந்தவர்கள் பொதுவாக வழி கண்டுபிடிப்பதில் மேல் என்றது. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ மறதி நோய் இருந்த குடும்பங்களில் இதை ஒரு கடமை மாதிரி ஆடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் ஆட அது போதும். இரண்டு வருடத்துக்குப் போதாது.

சரி, ஆடுகிறவர்கள் யார் என்பது தகவலிலும் பதியும், அதைச் சொல்லாமல் விட முடியாது. 2016 ஜூலையில் அதே நயான்டிக்கின் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது, இன்க்ரெஸ் போர்ட்டல்கள்தான் அதன் போக்கிஸ்டாப்கள், அதாவது ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்களை நேரில் போய் எடுக்கும் இடங்கள், ஆயின. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் போர்ட்டல்களை எண்ணிப் பார்த்தபோது, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் சராசரி 55, கறுப்பினத்தவர் பெரும்பான்மைப் பகுதிகளில் 19. யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. முதலில் ஆடியவர்கள் அவரவர் நடமாடிய தெருவைப் பதிந்தார்கள், நான் என் மொட்டை மாடிக்காகப் பிள்ளையாரைப் பதிந்த மாதிரி. என் அப்பத்தா ஊரில் அய்யனார் கோயிலில் ஆளுயரக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன, ரொம்ப நாள் அங்கே ஒரு போர்ட்டல்கூட இல்லை. ஆடுகிறவன் இல்லையென்றால் அய்யனாரே ஆனாலும் இல்லைதான்.

கடைசியாக, ஆட்களை ஆட வைப்பதைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, எது விரட்டும் என்பதும் அதே கேள்வியின் மறுபாதி. 2020-லிருந்து போக்கிமான் கோவில், போக்கிஸ்டாப்பைச் சுற்றி வந்து வீடியோ மாதிரி ஸ்கேன் செய்து கொடுத்தால் ஆட்டத்துக்குள் பயன்படும் சில பந்துகள், பழங்கள் தந்தார்கள். சுற்றி வரும்போது ஜனங்கள் பார்ப்பார்கள், கூச்சமாக இருக்கும், ஆட்டத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்கள் குழுவில் பலர் செருப்பையும் தரையையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டார்கள். 2024 நவம்பரில் நயான்டிக் ஓர் அறிவிப்பு விட்டது. உலகம் முழுக்க 1 கோடி இடங்களின் ஸ்கேன் தங்களிடம் இருக்கிறது, வாரத்துக்கு 10 லட்சம் புதிதாக வருகிறது, இதைக் கொண்டு இடங்களைப் புரிந்துகொள்ளும் பெரிய ஏஐ மாடல் கட்டுகிறோம் என்று. சும்மா நடந்து ஆடுவதை வைத்துப் பயிற்சி தரவில்லை, விரும்பி ஸ்கேன் செய்தவைதான் என்றும் விளக்கினார்கள். 2025-ல் போக்கிமான் கோ உள்ளிட்ட விளையாட்டுகளை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி என்ற கேம் கம்பெனிக்கு விற்றுவிட்டு, வரைபடத் தொழில்நுட்பத்தை நயான்டிக் ஸ்பேஷியல் என்ற தனிக் கம்பெனியாக வைத்துக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் சம்பாதித்த விளையாட்டை விற்றார்கள், இன்க்ரெஸ்ஸையும் பெரிடாட் என்ற இன்னொரு விளையாட்டையும் தம்மோடு வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் செய்தியைப் படித்துவிட்டு, “நம்ம சுமைதாங்கிக் கல்லும் அந்த 350-ல சேர்த்தியா, சேராததா?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எனக்குப் பணம் வரவில்லை என்று வருத்தமில்லை, நான் பணத்துக்காக வரவும் இல்லை. ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நான் போட்ட மரப்பலகைச் சாய்தளத்தை நாளைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், இங்கே போட்ட பிள்ளையாரை என்னாலேயே திரும்ப எடுக்க முடியாது. அந்த வித்தியாசம் தெரிந்த பிறகு என் நேரம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

அந்தப் பிள்ளையார் கதை முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு ரோட்டை நிஜமாகவே அகலப்படுத்தினார்கள். கோயிலைப் பின்னால் இருபதடி தள்ளி, டைல்ஸ் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். டீக்கடைக்காரர் பழசைப் படம் எடுத்து வைக்கவில்லை, தெருவில் வேறு யாரும்கூட எடுத்து வைக்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, அன்னைக்கு ஏதோ கேம்னு சொன்னியே, அதுல பழைய கோயில் இருக்குமா?” என்றார். திறந்து காட்டினேன். வேப்பமரம், சுண்ணாம்புச் சுவர், ஓரத்தில் அவர் கடை பெஞ்ச். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். இடம் மாறிவிட்டது என்று திருத்தம் அனுப்பியிருக்கிறேன், இன்னும் ஓட்டெடுப்பில்தான் இருக்கிறது.